செத்துப்போன மொழியில் வந்த கடிதங்கள்

பைக் ரேஸ் பிடிக்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா, 'ஐல் ஆஃப் மேன் டிடி' என்ற பெயரைக் கண்டிப்பா கேள்விப்பட்டிருப்பீங்க. ரேஸுக்காகக் கட்டின டிராக் கிடையாது. சாதாரண ஊர்ச் சாலை. ரெண்டு பக்கமும் வீடு, கல் சுவர், விளக்குக் கம்பம். அதுக்கு நடுவுல மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வண்டிகள் பறக்கும். ஒரு சுற்று மட்டும் 60 கிலோமீட்டர். 1907-ல இருந்து நடக்குது. யூடியூப்ல பார்த்தாலே நமக்கு உள்ளங்கை வேர்க்கும்.

இன்னைக்கு எபிசோடு அந்தத் தீவைப் பத்தித்தான். ஆனா பைக்கைப் பத்தி இல்லை. அந்தத் தீவுக்குன்னு சொந்தமா ஒரு மொழி இருக்கு. பேரு மாங்க்ஸ். 2009-ல யுனெஸ்கோ, உலகில் ஆபத்தில் இருக்கும் மொழிகளின் வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் மாங்க்ஸ் மொழிக்கு நேராக 'அழிந்துவிட்டது' என்று போட்டிருந்தார்கள். கடைசியாகப் பேசியவர் 1974-ல் இறந்துவிட்டார் என்றும் குறித்திருந்தார்கள்.

இதைக் கேள்விப்பட்ட ஒரு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் யுனெஸ்கோவுக்குக் கடிதம் எழுதினார்கள். மாங்க்ஸ் மொழியிலேயே எழுதினார்கள். அவங்க கேட்டது ஒரே ஒரு கேள்விதான். எங்க மொழி செத்துப்போச்சுன்னா, நாங்க இப்ப எந்த மொழியில எழுதிட்டு இருக்கோம்?

யுனெஸ்கோ பதிவைத் திருத்தியது. 'அழிந்துவிட்டது' என்பது 'மிகக் கடுமையான ஆபத்தில் உள்ளது' என்று மாறியது. ஒரு மொழிக்கு இதைவிட மோசமான பட்டம் அழிவு ஒன்றுதான். ஆனா அந்தத் தீவுல இதைக் கொண்டாடினாங்க.

இந்தக் கதையை நிறைய பேர் இதோட நிறுத்திடுவாங்க. குட்டிப் பசங்க ஜெயிச்சாங்க, பெரிய நிறுவனம் தோத்துச்சு, கைதட்டல். எனக்கு அதைத் தாண்டி ஒரு கேள்வி இருக்கு. ஒரு மொழி செத்துப்போச்சுன்னு எந்த நாளில் சொல்றது? கடைசி ஆள் இறந்த நாளா? மாங்க்ஸ் கதையைத் தோண்டிப் பார்த்தா, அது அவர் இறப்பதற்கு ரொம்ப முன்னாடியே, அடுப்படியில் நடந்த விஷயம்னு தோணுது. திரும்பி வந்ததும் அதே வழியாகத்தான்.

ஒரு பென்னிகூடக் கிடைக்காது

முதல்ல இடத்தைப் பார்த்துடுவோம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கிற கடலில் ஒரு சின்னத் தீவு. பரப்பளவு 572 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை இன்றைக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவு. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கீழ் இருந்தாலும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி இல்லை. சொந்தமா நாடாளுமன்றம் இருக்கு, பேரு டின்வால்ட். வைக்கிங்குகள் ஆண்ட காலத்தில் தொடங்கிய சபை அது. இந்த நாடாளுமன்றம் கதையில் திரும்ப வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

மாங்க்ஸ் என்பது ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக் ரெண்டுக்கும் உடன்பிறப்பு. தமிழும் மலையாளமும் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆனா ஒரு வேடிக்கை இருக்கு. மாங்க்ஸ் மொழியை எழுத்தில் கொண்டுவந்த பாதிரியார்கள் ஐரிஷ் எழுத்து முறையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்து, காதில் விழுந்ததை எழுதினார்கள். அதனால ஐரிஷ் தெரிஞ்ச ஒருத்தர் மாங்க்ஸைக் காதால் கேட்டால் ஓரளவு புரியும். அதையே பக்கத்தில் பார்த்தால் முழிப்பார்.

18-ஆம் நூற்றாண்டில் தீவில் பெரும்பாலானோருக்கு ஆங்கிலமே தெரியாது. அதனால்தான் பைபிளை மாங்க்ஸில் மொழிபெயர்க்க முடிவு செய்தார்கள். 1772-ல் அந்தக் கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதியை அச்சுக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் எடுத்துக்கொண்டு போனவர் ஜான் கெல்லி. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். கப்பல் விபத்தில் சிக்கியது. ஐந்து மணி நேரம் அந்தக் காகிதக் கட்டைத் தண்ணீர் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார் என்பது பதிவாகியிருக்கும் செய்தி. பிரதி தப்பியது, பைபிள் அச்சானது. அந்தப் புத்தகத்துக்குப் பின்னாடி வேறொரு வேலை வந்து சேரும். அதைக் கொஞ்ச நேரத்தில் சொல்றேன்.

அப்படி இருந்த மொழிக்கு என்ன ஆச்சு? படையெடுப்பு இல்லை. படுகொலை இல்லை. நடந்தது பொருளாதாரம்.

அந்தக் காலத்தில் தீவில் சுங்க வரி குறைவு. அதனால் சரக்குகளை இங்கே இறக்கி, இரவோடு இரவாகப் பிரிட்டனுக்குக் கடத்துவது பெரிய தொழில். 1765-ல் பிரிட்டிஷ் அரசு தீவின் உரிமையை 70,000 பவுண்டு கொடுத்து அதன் பிரபுவிடமிருந்து வாங்கிக்கொண்டது. கடத்தல் படுத்தது. பிழைப்பு போனது. பலர் கப்பல் ஏறினார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு ஆங்கிலம் பேசுபவர்கள் வந்தார்கள். பிறகு 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் கோடை விடுமுறைக்கு லட்சக்கணக்கில் வந்து இறங்கினார்கள். விடுதி வைத்தால் காசு, கடை போட்டால் காசு, ஆனா எல்லாத்துக்கும் ஆங்கிலம் வேணும். பள்ளிக்கூடமும் ஆங்கிலத்தில்தான்.

அப்போது தீவில் ஒரு பேச்சு பழமொழி மாதிரி பரவியது. மாங்க்ஸ் பேசி ஒரு பென்னிகூடச் சம்பாதிக்க முடியாது என்பதுதான் அது. யாரோ எதிரி சொன்னதில்லை இது. அப்பா அம்மா சொன்னது. அவர்கள் வீட்டுக்குள் தங்களுக்குள்ளே மாங்க்ஸில் பேசிக்கொண்டு, பிள்ளை பக்கம் திரும்பியதும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத ரகசியம் பேச மட்டும் மாங்க்ஸ். யோசிச்சுப் பாருங்க, தாய்மொழி ஒரு வீட்டில் ரகசிய பாஷை ஆகிவிட்டது.

இந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரல. பிள்ளை பசியில்லாம இருக்கணும், ஊரார் முன்னாடி கூசி நிக்கக்கூடாதுன்னு எடுத்த முடிவு. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பார்த்தா அது நியாயமான முடிவுதான். எல்லா வீடும் ஒரே முடிவை எடுத்தபோது ஒரு மொழி காலியானது.

எண்களைப் பாருங்க. 1874-ல் ஹென்றி ஜென்னர் என்பவர் தீவின் பாதிரியார்களுக்குக் கேள்விகள் அனுப்பி ஒரு கணக்கெடுத்தார். மாங்க்ஸ் பேசுபவர்கள் சுமார் 12,000 பேர். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4,419. 1911-ல் 2,382. 1931-ல் 531. 1961-ல் 165. ஒரு மனித ஆயுள் காலத்துக்குள் இது நடந்திருக்கு.

நெட் மேட்ரெல்

அந்த மனித ஆயுள் ஒருத்தருடையதாகவே இருந்தது. பேரு நெட் மேட்ரெல். 1877-ல் பிறந்த மீனவர். தீவின் தெற்கு முனையில் கிரெக்நீஷ் என்ற குக்கிராமத்தில், பாட்டி முறையுள்ள ஒரு மூத்த உறவுக்காரப் பெண்மணியிடம் வளர்ந்தார். அந்தப் பாட்டிக்கு மாங்க்ஸ்தான் தெரியும். அதனால நெட்டுக்கும் மாங்க்ஸ் வந்தது. அவர் வயதுப் பிள்ளைகள் பலருக்கு அது கிடைக்கவில்லை. காரணம் ரொம்ப எளிது. அவங்க அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும்.

1947-ல் அயர்லாந்துப் பிரதமர் ஈமான் டி வலேரா இந்தத் தீவுக்கு வந்தார். நெட்டைச் சந்தித்தார். தன் மொழிக்கு உடன்பிறப்பான ஒரு மொழி, சில முதியவர்களின் வாயில் மட்டும் மிச்சமிருப்பதைப் பார்த்தார். அவற்றைப் பதிவு செய்யத் தீவிடம் கருவியும் இல்லை, அதற்கான பணமும் இல்லை. மறுவருஷமே, 1948-ல், ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் தன் ஒலிப்பதிவு வண்டியைக் கடல் கடந்து அனுப்பியது. கெவின் டானஹர் என்ற ஆய்வாளர் சுமார் இரண்டு வாரம் வீடு வீடாகப் போய், முதியவர்களின் குரலைத் தட்டுகளில் பதிவு செய்தார். பக்கத்து நாடு, உறவுக்காரங்க வீட்டுக்குச் செய்யிற மாதிரி செய்தது.

ஆனா பதிவு இருந்தா மட்டும் போதுமா? அதுக்கு ஒரு நிமிஷம் மேன் தீவை விட்டு வெளியே போய்ட்டு வருவோம்.

ரஷ்யாவின் கருங்கடல் கரையில் சோச்சி நகரம் தெரியுமில்லையா, 2014 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். அந்தப் பகுதியில் ஒரு காலத்தில் உபிக் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். 1864-ல் ரஷ்யப் பேரரசு அந்தக் கரையைக் கைப்பற்றியதும், அவர்கள் மொத்தமாகக் கப்பலேறித் துருக்கிப் பேரரசுக்குள் போக வேண்டி வந்தது. அங்கே பல ஊர்களில் சிதறினார்கள். உபிக் மொழியில் மெய்யொலிகள் மட்டும் எண்பதுக்கு மேலே. தமிழ்ல பதினெட்டு. உலகத்தின் அபூர்வமான மொழிகளில் ஒன்று என்று மொழியியலாளர்கள் ஓடி வந்தார்கள். ஜார்ஜ் டுமேசில் என்ற பிரெஞ்சு அறிஞர், தெவ்ஃபிக் எசென்ச் என்ற உபிக் முதியவரோடு பல வருஷம் உட்கார்ந்து வேலை செய்தார். அகராதி இருக்கு, இலக்கணம் இருக்கு, ஒலிப்பதிவு இருக்கு. 1992 அக்டோபரில் எசென்ச் இறந்தார். உபிக் அதோடு முடிந்தது.

அதாவது, உபிக் ரொம்ப நல்லாப் பதிவு செய்யப்பட்ட மொழி. ஆனா அந்தப் பதிவை எடுத்து வீட்டுல பேச, பக்கத்துப் பக்கத்துல ஒரு ஊர் மக்கள் இல்லை. சொந்த மண் இல்லை. எசென்ச் பேசினார், பேராசிரியர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர் பேச்சைக் கேட்டுப் பதில் பேச ஒரு இளம் தலைமுறை அங்கே உருவாகவில்லை.

சைக்கிளில் வந்தவர்கள்

மேன் தீவில் அந்த இளம் தலைமுறை வந்தது. ரொம்பச் சின்ன எண்ணிக்கையில்தான். 1950-களில் டக் ஃபார்கர், வால்டர் கிளார்க், பில் ராட்கிளிஃப், லெஸ்லி குவர்க் என்று ஒரு கூட்டம். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையடிவாரப் பண்ணை வீடுகளுக்குப் போவார்கள். கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முதியவர்களிடம் மாங்க்ஸ் பேசிப் பழகுவார்கள். அப்போது கிடைத்த கனமான ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிப்போய்ச் சிலரைப் பதிவும் செய்தார்கள்.

1953-ல் பத்திரிகையில் ஃபார்கர் எழுதியதைப் படித்துவிட்டு பிரையன் ஸ்டோவல் என்ற பதின்ம வயதுப் பையன் இவர்களோடு சேர்ந்தார். பிற்காலத்தில் இயற்பியலாளர் ஆனவர். இவரும் மற்றவர்களும் தேடிப்போன முக்கியமான ஆள் நெட் மேட்ரெல். மற்ற முதியவர்களில் பலர், பழைய கூச்சத்தால், மாங்க்ஸ் தெரியும் என்று காட்டிக்கொள்ளவே தயங்கினார்கள். நெட் அப்படியில்லை. தன்னைத் தேடி ஆட்கள் வருவது அவருக்குப் பிடித்திருந்தது. உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

1962-ல் சேஜ் கின்விக் என்பவர் இறந்தார். அதன் பிறகு, பாரம்பரியமாக மாங்க்ஸ் பேசி வளர்ந்தவர் என்று மிஞ்சியது நெட் மட்டும். பன்னிரண்டு வருஷம் அப்படி இருந்தார். உங்க சின்ன வயசு மொழியைச் சின்ன வயசுலயே கத்துக்கிட்ட இன்னொருத்தர் உலகத்துலயே இல்லைன்னு வச்சுக்கோங்க. என்னைக் கேட்டா, ஒரு மொழி உண்மையிலே ஊமையாகும் நாள் அதுதான். கடைசி ஆள் சாகும் நாள் இல்லை, கடைசிக்கு முந்தின ஆள் சாகும் நாள்.

ஆனா நெட்டுக்கு அந்தப் பன்னிரண்டு வருஷமும் பேச ஆள் இருந்தது. தப்பும் தவறுமா, ஆங்கில வாடையோட பேசுற பசங்க. இப்ப கணக்கெடுப்பைத் திரும்பப் பாருங்க. 1961-ல் 165 என்று இருந்த எண்ணிக்கை 1971-ல் 284. கூடியிருக்கு! கடைசித் தாய்மொழிக்காரர் உயிரோடு இருக்கும்போதே வளைவு மேலே திரும்பிவிட்டது. 1974 டிசம்பர் 27 அன்று, 97 வயதில் நெட் இறந்தபோது, மொழி அவரிடமிருந்து வேறு கைகளுக்குப் போயிருந்தது.

அந்தக் கைகளுக்கு முன்னாடி சொன்ன பைபிள் உதவியது. 200 வருஷத்துக்கு முன்னே ஜான் கெல்லி தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்த காகிதம், மொழி கற்பவர்களுக்கு வாக்கிய அமைப்பையும் சொல்வளத்தையும் காட்டும் பாடப்புத்தகம் ஆனது. மதத்துக்காகச் செய்த வேலை மொழிக்குக் கைகொடுத்தது.

அடுத்து, அந்த நாடாளுமன்றம். 1985-ல் மாங்க்ஸைப் பயன்படுத்துவதற்கு ஆதரவாக டின்வால்ட் தீர்மானம் போட்டது. 1992-ல் பள்ளிகளில் விருப்பப் பாடம் ஆனது. 1996-ல் மழலையர் விளையாட்டுக் குழுக்களை நடத்த ஒரு அமைப்பு உருவானது. 2001-ல், எல்லாப் பாடத்தையும் மாங்க்ஸிலேயே நடத்தும் ஆரம்பப் பள்ளி, விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு தொடங்கியது. யுனெஸ்கோவுக்குக் கடிதம் எழுதியது இந்தப் பள்ளிப் பிள்ளைகள்தான். பள்ளி இன்று இருப்பது செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில். வருஷா வருஷம் ஜூலையில் டின்வால்ட் திறந்தவெளியில் கூடி, புதுச் சட்டங்களை மாங்க்ஸிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கிற மேடு இருப்பதும் அதே ஊரில்தான்.

2006-ல் பிரையன் ஸ்டோவல் மாங்க்ஸ் மொழியின் முதல் முழுநீள நாவலை வெளியிட்டார். என்ன கதைன்னு நினைக்கிறீங்க? மீனவர் வாழ்க்கை, பழம்பெருமை எல்லாம் இல்லை. ரத்தக்காட்டேரி செய்யிற கொலைகள்! எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது. ஒரு மொழியில பேய்க்கதை எழுதலாம்னா, அந்த மொழியில சும்மா பொழுதும் போக்கலாம்னு அர்த்தம். 2011 கணக்கெடுப்பில் மாங்க்ஸ் தெரியும் என்று சொன்னவர்கள் 1,823 பேர்.

அப்போ யுனெஸ்கோ சொன்னது தப்பா?

இதுல நேர்மையா பேசணும். யுனெஸ்கோ வாதத்தில் ஒரு நியாயம் இருந்தது. தாய் மடியிலிருந்து பிள்ளைக்கு அறுபடாமல் வரும் சங்கிலிதான் அவர்கள் பார்த்த அளவுகோல். அந்தச் சங்கிலி நெட்டோடு அறுந்தது உண்மை. இன்றைய மாங்க்ஸ் நெட் பேசிய மாங்க்ஸ் இல்லை. உச்சரிப்பில் ஆங்கிலம் ஏறியிருக்கு. நிறைய சொற்களைப் புதுசா உருவாக்க வேண்டியிருந்தது. இது மறுபிறப்பா, வேறொரு பிறப்பா என்று மொழியியலாளர்கள் விவாதிக்கிறார்கள்.

இழந்தது எப்படிப்பட்டதுன்னு ஒரு சின்ன உதாரணம். மாங்க்ஸ் மீனவர்களுக்குக் கடலில் சில சொற்களைச் சொல்லவே கூடாது என்ற விலக்கு இருந்தது. படகில் 'எலி' என்று சொன்னால் ஆகாது, சுற்றி வளைத்துத்தான் சொல்லணும். இன்றைக்கும் அந்தத் தீவில் பலர் ஆங்கிலம் பேசும்போதுகூட எலியைப் பேர் சொல்ல மாட்டார்கள். 'நீளவால்' என்பார்கள். பயம் மிஞ்சியிருக்கு. ஆனா அந்தப் பயம் பிறந்த படகு, அந்தப் படகில் இரவு முழுக்க நடந்த பேச்சு, கேலி, சண்டை எதையும் 1948-ன் தட்டுகளால் முழுசாப் பிடிச்சு வைக்க முடியாது. அது போனது போனதுதான்.

ஆனாலும் நான் பிள்ளைகள் பக்கம்தான். ஏன்னா, ஒரு மொழி சாவதும் பிழைப்பதும் ஆவணத்தில் நடக்கறதில்லை. 1870-களில் பல வீடுகளில் அம்மாக்கள் பிள்ளை பக்கம் திரும்பி ஆங்கிலத்துக்கு மாறினாங்க, கணக்கு சரிஞ்சது. இன்றைக்கு அதே தீவில், பெரியவங்களான பிறகு மாங்க்ஸ் கத்துக்கிட்ட சில அப்பா அம்மாக்கள், பிறந்த குழந்தையிடம் வீட்டில் மாங்க்ஸ் பேசறாங்க. அந்தக் குழந்தைகளுக்கு அதுதான் தாய்மொழி. அறுந்த சங்கிலியில் புதுக் கண்ணி.

இதுக்குத் தேவைப்பட்டது எல்லாமே அதிர்ஷ்டமும் உழைப்பும் கலந்தது. சிதறாத ஒரு தீவு, வரிப்பணம் ஒதுக்கச் சொந்தமா ஒரு சபை, உதவிக்கு வந்த உறவு மொழி, கடைசி ஆள் உயிரோடு இருக்கும்போதே கதவைத் தட்டின சில இளைஞர்கள். உபிக் மக்களுக்கு இதுல பலதும் கிடைக்கல. அதனால 'மனசு வச்சா எந்த மொழியையும் மீட்கலாம்'னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் கதவைத் தட்டுற வேலைக்கு மட்டும் ஒரு காலக்கெடு உண்டு. இங்கே சைக்கிள்கள் அதற்குள் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பென்னி பேச்சை மறந்துடாதீங்க. இன்னைக்கு மேன் தீவில் மாங்க்ஸ் ஆசிரியர்கள் இருக்காங்க, மொழிபெயர்ப்பாளர்கள் இருக்காங்க, மொழி அலுவலர் இருக்கார். மாசாமாசம் சம்பளம் வாங்குறாங்க. மாங்க்ஸ் பேசி ஒரு பென்னிகூடக் கிடைக்காதுன்னு சொன்ன பெரியவங்களோட கொள்ளுப்பேரப் பிள்ளைகள்ல சிலராவது அதுல இருப்பாங்க.

உங்க வீட்டுல யாரோ ஒருத்தரோட நின்னுபோகப் போற மொழியோ, வட்டார வழக்கோ, தொழில் பாஷையோ இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அதுக்கு முன்னாடி போனை எடுத்து அவங்ககிட்ட ஒரு அரை மணி நேரம் பேசுங்க. ரெக்கார்டும் பண்ணுங்க, பதிலும் பேசுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.